தட்டைக் காலி செய்த பிரெஞ்சுக்காரர்

துடியலூர்ப் பக்கம் ஒரு மில்லின் கெஸ்ட் ஹவுஸில் நான் குக். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் தினமும் அடுப்பைப் பற்றவைப்பேன்.

புது மெஷின் மாட்ட பியேர் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் வந்து தங்கினார். ரூம் சுத்தம் செய்யும் ஷகிலா, செல்போனைப் பார்த்தே பிரெஞ்சு கற்றிருந்தாள். டேபிளைத் துடைத்துக்கொண்டே அவரோடு பேசுவாள். அவர் சிரிப்பார். என் பொங்கலுக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. நடுவில் "கந்தசாமி" என்று என் பெயர் வேறு அடிபடும். எனக்கு வயிறு எரியும்.

"என்னம்மணி, என்னையப் பத்தி என்ன ஓதறே?"

"காலைல என்ன சாப்புடுவீங்கன்னு கேட்டனுங்கண்ணா. பாடத்துல அதானுங்க மொதல்ல வருது. அவருக்கு ரொட்டியும் காபியும் இருந்தாப் போதுமாமுங்க."

"ஓஹோ! என்ற இட்லிச் சட்டியக் கவுத்திப்போட்டு நீ ரொட்டி வாட்டலாம்னு பாக்கறயா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றே மேனேஜர், "இனி மெனுவ ஷகிலாவக் கேட்டுப் போட்டுக்கலாமுங்க கந்தசாமி" என்றார். மெனு போனால் அடுத்து வேலையும் போகும் என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் மகனின் போனில் பிரெஞ்சில் கேட்டு நெட்டுருப் போட்டேன். மறுநாள் ஷகிலா வருவதற்குள் ஆறு இட்லி வைத்துவிட்டுக் கேட்டேன்: "கெஸ்க் வூ மான்ஷே ல மத்தேன்?"

பியேர் முகம் மலர்ந்து மளமளவென்று பேசினார். ஒரு சொல்லும் புரியவில்லை. கடைசியில் ஆறு இட்லியையும் முடித்துவிட்டு வயிற்றைத் தட்டிக் காட்டினார். பசி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் விருந்தாளியின் தட்டு காலியானால் கேட்காமலே போடுவோம், வேண்டாம் என்றாலும் இன்னொன்று போடுவோம். நான்கு தோசை போட்டேன். சாப்பிட்டார். நெய் ஊற்றி இன்னும் இரண்டு போட்டேன். அதையும் வியர்த்துக்கொண்டே முடித்தார்.

அன்று அவர் மில்லுக்குப் போகவில்லை. பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

"அந்த மனுசனுக்கு என்னய்யா போட்டே?" என்று மேனேஜர் கத்தினார்.

ஷகிலா பியேரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். "சமையல்ல ஒண்ணுங் கெடையாதுங்க சார். தட்டுல மிச்சம் வெச்சா சமைச்சவங்களுக்கு மரியாதக் கொறச்சல்னு அவிங்க ஊட்டுப் பழக்கமாமுங்க. கந்தசாமியண்ணன் கைப்பக்குவம் நல்லாருக்குதுன்னு தெனமும் எங்கிட்டச் சொல்லுவாருங்க. அதான் போடப் போடத் தின்னுருக்காரு."

என் வேலை தப்பியது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. என் சமையலைப் பற்றிய நல்ல வார்த்தைகூட அவள் காது வழியாகத்தானே எனக்கு வந்து சேர்கிறது!

சாயங்காலம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "எனக்குங் கொஞ்சம் சொல்லித் தாரயா அம்மணி?"

"கேள்வி நல்லாத்தான் கேக்கறீங்கண்ணா. மொதல்ல 'போதும்'ங்கறதுக்கு என்னன்னு படிச்சுக்கோங்க. பாவம், அவரு பொழைச்சுக்குவாரு."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரொட்டியும் காபியும் போதும் என்று அவள் முன்னமே எனக்கு நல்ல தமிழில் சொல்லியிருந்தாள். சொன்னது அவள் என்பதால்தான் நான் காதில் வாங்கவில்லை.