மயிலுக்குப் போட்ட விதைநெல்

தோட்டத்தில் மயிலுக்கு நெல் போடுகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். பேச்சை மாற்றுவேன். மாற்ற முடியாவிட்டால் எழுந்து போய்விடுவேன். மூன்று வருஷம் நானும் போட்டவள்தான். அதனால் எனக்குக் கோபப்பட உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு பூதலூருக்குப் பக்கத்தில், புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரையை ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்கு மேல் வரும், அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆள் தேடுவது, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது, உரக்கடையில் நின்று சண்டை போடுவது எல்லாம் என் தலையில். புருஷன் ஊரில் இல்லாததால் பறவையோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் அதற்கு முன் மயிலே கிடையாது. காலண்டரில் முருகனோடு பார்த்ததுதான். ஒரு வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கருவேலங்காட்டிலிருந்து ஒரு ஆண்மயிலும் இரண்டு பெட்டைகளும் வந்தன. கொல்லையில் கொஞ்சம் நெல் இறைத்தேன். ஓடி ஒளிந்தன. ஒரு மாதம் கழித்து ஒளியவில்லை. ஆறு மாதத்தில், விடிந்ததும் கொல்லைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கும். நான் எழுந்திருக்க நேரமானால் கதவைக் கொத்தும். அடுத்த வருஷம் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் கொல்லைக்கு அடுத்தது ஒரு குத்தகை வயல். அதைப் பயிர் செய்தவருக்கு முப்பது வயது இருக்கும். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் போக, மிச்சம் இருந்தவர்கள் கேட்ட கூலி அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நாற்றுவிட்டு நடாமல் வயலில் நேரடியாக விதை தெளித்துவிடுவார். மயிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். என் கொல்லையில் தின்றுவிட்டு வேலியைத் தாண்டி அவர் வயலில் இறங்கும். முளை வராத இடமெல்லாம் மொட்டை மொட்டையாகத் தெரியும்.

“அக்கா, நீங்க காலைல டிபன் போடுறீங்க. மத்தியானச் சாப்பாடு என் வயல்ல நடக்குது,” என்றார் முதல் வருஷம். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இரண்டாம் வருஷமும் அதே கதை. இரண்டாவது தடவை விதைத்தும் பாதிதான் தேறியது. அந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “இதுங்களுக்கு ஒரு நாளைக்கு நானே விருந்து வைக்கிறேன் பாருங்க,” என்றார். அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அதோடு அவருக்குப் பயிர் வெறுத்துவிட்டது. குவைத்துக்குப் போகிறேன் என்றார். என் வீட்டுக்காரரிடம் வெள்ளிக்கிழமை போனில் நான்தான் சொன்னேன். அவரும் கம்பெனியில் பேசி விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். விசா வந்தது, புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் வரவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் பாக்கி. இரண்டு மாதத்துக்குள் விமானம் ஏறாவிட்டால் விசா செல்லாது. அவர் மனைவி அப்போது ஆறு மாதம். அந்த ஒரு காகிதத்தை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்ததால் நானும் நேரடி விதைப்பு என்று முடிவு செய்தேன். உரக்கடைக்காரர் பையில் அடைத்த விதை கொடுத்தார். எறும்பும் பூச்சியும் அண்டாமல் இருக்க மருந்து பூசிய விதை, நல்ல ரோஸ் நிறம். தெளித்தது போக அரை மரக்கால் மிஞ்சியது. எங்கள் வீட்டில் விதைநெல் மிஞ்சினால் உலையில் போட மாட்டோம், குப்பையிலும் கொட்ட மாட்டோம். பறவைக்குத்தான் இறைப்போம். என் மாமியார் அப்படித்தான் செய்தார், அவர் காலத்தில் விதை வீட்டுக் குதிரில் இருந்து வந்தது. நானும் அதையே செய்தேன். மருந்து ஞாபகம் இல்லாமல் இல்லை. அரிசி களைவது மாதிரி மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். ரோஸ் தண்ணீர் போய் வெறும் தண்ணீர் வந்தது. சாக்கில் காயவைத்து, மறுநாள் காலையில் இறைத்தேன். என்னை விட ஜாக்கிரதையானவள் உண்டா என்று ஒரு நினைப்பு வேறு.

அதற்கு அடுத்த நாள் ஒரு பெட்டையும் மூன்று குஞ்சுகளும் பக்கத்து வயல் வரப்பில் செத்துக் கிடந்தன.

என் நெல்லைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை. அதைத்தான் கழுவிவிட்டேனே. அவர் சொன்ன விருந்துதான் ஞாபகம் வந்தது. வரப்பிலேயே நின்று கத்தினேன். வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்தவன் கடல் தாண்டிப் போய் நன்றாக இருந்துவிடுவானா என்று கேட்டேன். அவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன தலையாரி காதிலும் விழுந்தது. தலையாரி கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல, மறுநாள் காலையில் வனக் காவலர் ஒருவர் கால்நடை டாக்டரோடு வந்து இறங்கினார்.

வரப்புப் புங்கமரத்தடியில் வைத்து டாக்டர் பெட்டையின் தீனிப்பையைக் கீறினார். உள்ளே நெல்.

“மருந்து நெல்லுதான்,” என்றார் டாக்டர்.

காவலர் பக்கத்து வயல்காரரைப் பார்த்தார். “என்னப்பா, வச்சியா?”

“இல்லைங்க.”

“பாஸ்போர்ட் போட்டிருக்கியாமே. மயில் கேஸ்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியுங்க.”

நான் குனிந்து பார்த்தேன். நெல்லின் வெளிப்பக்கம் வெளுத்திருந்தது. ஆனால் உமியின் இரண்டு பக்கமும் சேருகிற கோட்டில் ரோஸ் அப்படியே இருந்தது. போகும்வரை வயலைச் சும்மா போடாமல் அந்த வருஷமும் அவர் விதைத்திருந்தார், ஆனால் அது போன வருஷத்து வீட்டு நெல். அதில் மருந்து கிடையாது, நிறமும் கிடையாது. அவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. விசா என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. என்னைக் காட்டிக் கொடுத்தால் விசா போகும் என்று நினைத்திருக்கிறார். காட்டிக் கொடுக்காவிட்டால் பாஸ்போர்ட் போகும். மனுஷர் அந்த இரண்டுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. காவலர் நோட்டை எடுத்து அவர் பேரை எழுதி, அப்பா பேரைக் கேட்டு, அதையும் எழுதுகிறவரை சும்மா நின்றேன். கேஸ் என்ற வார்த்தை எனக்கும் பயம்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“எழுதாதீங்க சார்,” என்றேன். “அது என் நெல்லு.”

“தெரிஞ்சா போட்டீங்க?”

“கழுவித்தான் போட்டேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “கழுவினா போயிடுமா அம்மா? உமிக்குள்ள இறங்கியிருக்கும். சாதாரணமா அதுங்க ஒரு இடத்துல கொத்தும், அடுத்த இடத்துக்குப் போயிடும். நீங்க ஒரே இடத்துல வயிறு நிறையத் தின்னப் பழக்கியிருக்கீங்க.”

காவலர் யாருக்கோ போன் செய்து ரொம்ப நேரம் பேசினார். பிறகு என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். தெரியாமல் நடந்தது என்று எழுதுவதாகச் சொன்னார். இன்னும் எத்தனை வருகிறது என்று கேட்டார். ஒரு பெட்டையும் ஒரு குஞ்சும் என்றேன். ஆண்மயிலை அந்த வாரம் முழுக்கக் காணவில்லை.

“இன்னொண்ணு இந்த எல்லைக்குள்ள செத்துச்சுன்னா ரெண்டு பேரு பேரும் மேல போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார். பிறகு பக்கத்து வயல்காரரிடம், “உனக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்கு எப்ப வர்றாங்க?” என்று கேட்டார்.

“பதினஞ்சு நாளைக்குள்ளங்க.”

“அதுவரைக்குமாவது இந்தப் பக்கம் வராம விரட்டுங்க.”

அவர்கள் போன பிறகு நான் வேலிக்குப் போனேன். “தம்பி, நான் பேசினது தப்பு. ஊர் கேக்கப் பேசிட்டேன்,” என்றேன்.

“விடுங்கக்கா,” என்றார். “அதுங்கள மட்டும் விரட்டிடுங்க. உங்க வீட்டுக்கு வர்றதாலதான் இங்க வருது,” என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் குவைத்துக்குப் போய்விட்டார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடிந்து, பாஸ்போர்ட் வந்து, கெடுவுக்கு நாலு நாள் முன்னால் விமானம் ஏறினார். பிள்ளை பிறந்ததை என் போனில்தான் கேட்டார். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் நான் செய்ததை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

காவலர் வந்து போன மறுநாள் விடிந்ததும் பெட்டையும் குஞ்சும் வந்தன. கதவைத் திறக்கவில்லை. கொத்தின. திறந்து கத்தினேன். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. துடைப்பத்தை ஓங்கினேன். மூன்று வருஷத்தில் நான் எதையும் ஓங்கியதில்லை, அவற்றுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். மேலே படக்கூடாது என்று ஒரு முழம் தள்ளி எறிந்தேன்.

பெட்டை ஓடிப்போய் அதைக் கொத்தியது. கட்டி உடைந்தது. கொக் கொக் என்று மெதுவாகக் குரல் கொடுத்துக் குஞ்சையும் தின்னக் கூப்பிட்டது.

அடுத்த கட்டியைக் குறி பார்த்து எறிந்தேன். பெட்டையின் காலில் பட்டது. அது ஓடவில்லை. அடுத்து என்ன விழும் என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.