மானுக்குக் கட்சி வந்த வருஷம்

என் வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு அந்தக் காப்பியைக் குடிக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம். இதை அவரிடம் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். "காப்பி குடிச்சது ஒரு குத்தமா?" என்பார். குற்றந்தான். அந்த ஊரில் யார் வீட்டில் முதலில் குடிக்கிறோம் என்பதில் உயிரே போகலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. அவர் காட்டிலாகாவில் ஃபாரஸ்டர். நான் கெலமங்கலத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூட டீச்சர். கிருஷ்ணகிரியில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஊரின் பேச்சு பழகவே நாளாயிற்று. வீட்டுக்குள் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம், எங்களைப் போன்ற சர்க்கார் ஆட்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கத் தமிழ்.

யுகாதிக்கு மறுநாள் அங்கே வீட்டுக்கு வீடு கறி வெந்தாக வேண்டும். அதற்காக ஆண்கள் நாய்களோடும் நாட்டுத் துப்பாக்கிகளோடும் காட்டுக்குள் வேட்டைக்குப் போவார்கள். பங்குனி வெயிலில் காட்டில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் நிற்கும். மான்கள் அங்கே வராமல் வேறெங்கே போகும்? அதிலும் பாதி சினை மான்கள். இந்த வருஷம் வேட்டை நடக்கவே கூடாது என்று மேலிடத்து உத்தரவு. தடுக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். கையில் ஒரு தடி, துணைக்கு ஒரு வாட்சர். முந்தின வருஷம் வேறொரு ஊரில் இப்படித் தடுக்கப் போன ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் நேரில் பார்த்தவள். உத்தரவு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் பெரிய தலைகள் இரண்டு பேர். மேலத்தெருக்காரர் பழைய கட்சி. கீழத்தெருக்காரர் புதுக் கட்சி. ஒரு காலத்தில் இருவரும் ஒரே கட்சிதான். அப்போதுதான் கீழத்தெருக்காரரின் மகளை மேலத்தெருக்காரரின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றது. அரசமரத்தடியில் இரண்டு கொடிக் கம்பம், இரண்டு டீக்கடை. ஒரு கடையில் டீ குடித்தவன் இன்னொரு கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான்.

இவர் நல்ல மனுஷர். பேசினால் கேட்பார்கள் என்று நம்பினார். முதலில் மேலத்தெருக்காரர் வீட்டுக்குப் போய்ச் சினை மான்களைப் பற்றி உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். அவரும் காப்பி கொடுத்து, "நம்ம பக்கம் யாரும் போக மாட்டாங்க, போங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, ஒரு பக்கம் முடிந்தது என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

மறுநாள் கீழத்தெரு டீக்கடைக்குப் போனபோது அங்கே வேறு கதை.

"மேலத்தெருவுல காப்பி குடிச்சிட்டுத்தானே இங்க வர்றீங்க?" என்று கேட்டாராம் கீழத்தெருக்காரர். "ராத்திரி பூரா பன்னி வந்து வயல்ல கேவுரைத் தின்னுட்டுப் போவுது. அப்ப எங்க போச்சு உங்க டிபார்ட்மெண்டு? லாரி லாரியா மூங்கில் போவுது, அதை எவனும் கேக்கலை. நாங்க வருஷத்துல ஒரு நாள் ரெண்டு மொசலு அடிச்சா மட்டும் சட்டம் வந்துடுதா? அந்தாளு வேணாம்னு சொல்லிட்டாரா, அப்ப நாங்க போவோம்."

பன்றியையும் மூங்கிலையும் பற்றி அந்த மனுஷர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கீழத்தெரு போகிறது என்று தெரிந்ததும் மேலத்தெருவும் சொன்ன வாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பாக்கிகளைத் துடைக்க ஆரம்பித்தது. ஒரு வேட்டையைத் தடுக்கப் போனவர் இரண்டு வேட்டைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றார். ஒரே காடு, ஒரே குட்டை, இரண்டு பக்கமும் குண்டு அடைத்த துப்பாக்கி, நடுவில் தடியோடு என் வீட்டுக்காரர்.

"லீவு போட்டுடுங்க" என்றேன்.

"லீவு போட்டா மான் பொழைச்சுக்குமா?" என்றார்.

"நான் பொழைச்சுக்குவேன்."

ஜெபமாலையை உருட்டினேன், பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போதும் குட்டைதான் கண்ணில் நின்றது.

யுகாதிக்குச் சில நாள் முன்பு மேலத்தெருக்காரர் வீட்டில் வளைகாப்பு. அந்த மருமகளுக்குத்தான். டீச்சரென்று எனக்கும் அழைப்பு. பேசாத சம்பந்தியும் அன்றைக்கு வந்தே ஆக வேண்டும். மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமே. வாசலில் ஆண்கள் இரண்டு கூட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் கலந்துதான் இருந்தோம். அவர்களுக்குக் கொடிக் கம்பம் இல்லை.

அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசினேன். எப்படி அந்தக் கேள்வி வாயில் வந்ததென்று தெரியவில்லை. "உன் வீட்டுக்காரர் வேட்டைக்குப் போறாராம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமியார்க்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன டீச்சரம்மா இப்படிக் கேக்கறீங்க. பொண்டாட்டி முழுகாம இருக்கும்போது புருஷன் ஒரு உசுரைக் கொல்லுவானா? நாங்க பாம்பைக்கூட அடிக்க விடறதில்லை."

"அவர் போக மாட்டார், சரி. அவங்கப்பா? இவங்கப்பா?" என்றேன்.

வளையல் சத்தம் நின்றது. மாமியார் சம்பந்தியம்மாளைப் பார்த்தார். சம்பந்தியம்மாள் மகளின் வயிற்றைப் பார்த்தார். மான் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. சட்டத்தையும் எடுக்கவில்லை. அந்தப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "காட்டுல அதுங்களும் இப்ப வயித்தோடதான் திரியுதாம். ஃபாரஸ்டரு வந்து நம்ம மாமாகிட்ட சொல்லும்போது கேட்டேன்."

ஆக, இவர் பேசியது வீணாகவில்லை. வாசலில் பேசினார், உள்ளே இருந்தவள் கேட்டிருக்கிறாள்.

பெண் புறப்படவில்லை. தட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது, வண்டி பூட்டியாகிவிட்டது, அவள் மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு சம்பந்தியம்மாள்களும் சேர்ந்தே வாசலுக்குப் போனார்கள், வேட்டை கூடாதென்று ஒரே குரலில் தெலுங்கில் பிடித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளை இருவருக்கும் ஒன்றுதானே. அதற்கு எந்தக் கட்சியைச் சொல்வது? ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில், "அவரு போகலைன்னா நான் போகலை" என்று ஒருவர் தூணைப் பார்த்துச் சொல்ல, "அதேதான்" என்று மற்றவர் வண்டிமாட்டைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்தாள்.

ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை வாக்கு மாறியதைப் பார்த்தவள்தானே. யுகாதி மறுநாள் காலையில் அவர் தண்ணீர்க் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாட்சருக்கு அன்றைக்கென்று காய்ச்சல். தனியாகத்தான் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த உலை வற்றியதுகூடத் தெரியவில்லை. காட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கோ பட்டாசு வெடித்த சத்தத்துக்குத் துப்பாக்கிதான் என்று தெருவரைக்கும் ஓடிவிட்டேன்.

பொழுது சாயத்தான் வந்தார். உதடு வெடித்திருந்தது. உடம்பில் அடி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்க" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"துப்பாக்கி இல்லை, நாய் இல்லை. காலையிலேயே வந்து, குட்டைக்குப் போற பாதைல அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்துட்டாங்க. மத்தவரு ஏமாத்திட்டுப் போயிடுவாரோன்னு காவலாம். ஒரு வார்த்தை பேசிக்கலை. பொழுதுக்கும் அசையலை. நான் நடுவுல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகுதான் அவர் தோள் காலியாக இருந்ததைக் கவனித்தேன்.

"தண்ணிக் குடுவை எங்க?"

"மத்தியானம் ரெண்டு பேருக்கும் நாக்கு வறண்டு போச்சு. எனக்கும்தான். கையில எடுத்துட்டேன். யாருக்கு முதல்ல குடுக்கறது, சொல்லு?"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"மூடியைக்கூடத் திறக்கலை. நடுவுல வச்சுட்டு, ரெண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டேன். பொழுது சாஞ்சதும் திரும்பிப் பாக்காமலே வந்துட்டேன்."

நான் அவருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தார். மறுநாள் போய்ப் பார்த்தபோது குடுவை அதே இடத்தில் காலியாக இருந்ததாம்.