காமா அக்காவின் வயிற்றெரிச்சல்

எலும்புப் படம் எடுக்கும் அறையில் பதினேழு வருஷமாகக் காமா கேமராவோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் ‘காமா அக்கா’ என்றே பெயர். கதிர் வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி, அது எலும்பில் போய்ச் சேர மூன்று மணி நேரம் காத்திருந்தால் போதும், அந்தக் கதிரைக் கேமராவில் பிடித்து, எந்த எலும்புக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று திரையில் காட்டிவிடுவாள். கெட்டிக்காரிதான். ஆனால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள், பாவம். வீட்டுக்காரரின் தங்கை படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று, அவர் இவர் காலைப் பிடித்து அதே அறையில் வேலை வாங்கிக் கொடுத்தவள் இவளேதான்.

இரண்டே வருஷம். தாடை ஆபரேஷன் செய்கிற டாக்டர் இப்போது வாசலில் நின்றபடியே, “சின்னவங்க இருக்காங்களா?” என்கிறார். அப்படியானால் பெரியவள் என்ன, நாற்காலியா? வீட்டுக்குப் போனால் மாமியார் வேறு: “என் பொண்ணு கை பட்டா படம் கண்ணாடி மாதிரி வருமாமே!” காமா அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள்.

அந்த வாரம் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். கட்டி வந்த கீழ்த்தாடையை வெட்டி எடுத்துவிட்டு, அவர் காலிலிருந்தே ஓர் எலும்பை எடுத்து அங்கே பொருத்தியிருந்தார்கள். ஆறாம் நாள் படம் பார்க்க வேண்டும். புது எலும்பு பளிச்சென்று தெரிந்தால் ரத்தம் ஓடுகிறது, பிழைத்துக்கொண்டது. இருட்டாக இருந்தால் செத்துவிட்டது, மறுபடி அறுத்து அதை எடுத்தாக வேண்டும். படம் எடுத்தவள் நாத்தனார். பளிச்சென்று வந்தது. டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. டிரைவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காமா அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் படத்தில் குற்றம் தேடினாள். கிடைத்தது! வெளிச்சம் எலும்போடு நிற்கவில்லை, தோலின் விளிம்பையும் தாண்டி வழிந்திருந்தது. தோலுக்கு வெளியே ஏது எலும்பு?

ஓடிப்போய்ப் பார்த்தாள். டிரைவர் தோளில் ஒரு துண்டு. ஊசி மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். படுக்கும் முன் பாத்ரூம் போன மனுஷன், சிறுநீர் பட்ட ஈரக் கையைத் துண்டில் துடைத்து, அதே துண்டால் எச்சில் வழியும் தாடையையும் துடைத்திருக்கிறார். துண்டை வாங்கி வைக்காமல், முகம் கழுவச் சொல்லாமல் படுக்க வைத்துவிட்டாள் மகாராணி! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. துண்டை மட்டும் கேமராவுக்கு அடியில் விரித்தாள். துண்டே ஒளிர்ந்தது.

“டாக்டர், நீங்க பார்த்தது எலும்பில்ல, இந்தத் துண்டிலேர்ந்து தாடையில ஒட்டின மருந்து,” என்றாள், நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

நாத்தனார் முகம் வெளுத்துப்போனது. “ஐயோ அண்ணி, நான் கவனிக்கவே இல்லையே!”

“கவனிக்கலைன்னா? அந்த எலும்பு உள்ளேயே அழுகினா யாரு பதில் சொல்றது?”

டிரைவரின் முகத்தைக் கழுவித் துடைத்து மறுபடி படுக்க வைத்தார்கள். இந்த முறை கேமரா காமா அக்கா கையில். படம் புள்ளி புள்ளியாகச் சேர ஆரம்பித்தது. கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மனைவி நின்றாள். மூலையில் நாத்தனார் நகத்தைக் கடித்தாள். காமா அக்கா மனசுக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இருட்டாக வந்துவிடு. அப்போதுதான் இவள் மூக்கு ஒழுங்காக உடையும்.

படம் தெளிந்தது. வழிசல் போயே போய்விட்டது. எலும்பு மட்டும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பளிச்சென்று இருந்தது. உயிரோடுதான் இருந்தது.

‘சே!’ என்றது அவள் மனசு.

சொன்ன மறுநொடியே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனுஷன் தாடை பிழைத்ததற்கா ‘சே’?

“இப்பதான் எனக்கு நிம்மதி,” என்றார் டாக்டர். “இது உங்க கண்ணுல பட்டுதே, அதைச் சொல்லணும்! இனிமே என் பேஷண்டுங்க படத்தையெல்லாம் நீங்களே எடுங்க.” இரண்டு வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை. காதில் விழுந்தது, ஆனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பேச முடியாத டிரைவர் படுத்தபடியே அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “நல்லவேளை அண்ணி, நீங்க பார்த்தீங்க! அந்த டிரைவர் மேல எவ்ளோ அக்கறை உங்களுக்கு! அம்மாகிட்ட நானே சொல்றேன் இதை.”

“வேண்டாம்டி. யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள் காமா அக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடக்கம் என்று நினைத்துக்கொண்டு நாத்தனார் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.