பால் விழுந்த தாங்கி

கல்யாணசுந்தரத்தின் நெற்றித் தழும்பு தண்ணீர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கானால் வந்தது. வன்னி முகாமில் தண்ணீர் பவுசர் லொறி வந்து நின்றால் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, வரிசையாக அடிபடுவார்கள். ஒருவன் வெறுங்கானால் அவர் நெற்றியைப் பிளந்தான். அவர் அவனுடைய இரண்டு பல்லைக் கழற்றிவிட்டுத்தான் தன் கானை நிரப்பினார். பிறகு கப்பல், தடுப்பு முகாம், சிட்னியில் செவன் ஹில்ஸ் குளிர்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் வேலை. எல்லாம் மாறியது. அந்தக் கை மட்டும் மாறவில்லை.

அவர் வாங்கிய பலகை வீட்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அவர் வாங்கியது வீட்டை அல்ல, குசினிச் சுவரோரம் மரச்சட்டத்தில் நின்ற நெளிதகரத் தண்ணீர்த் தாங்கியை. குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் அங்கே குடியேறியவர்கள் வைத்தது. கூரையில் விழுந்ததுதான் அவர்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும். முதல் மழையை வெளியே ஓடவிட்டுக் குருவி எச்சத்தைக் கழுவுவார்கள். பிறகுதான் கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக்குழாயைத் தாங்கிக்குள் திருப்புவார்கள். வறட்சி வருடங்களைத் தகரத்தில் ஆணியால் கீறியும் வைத்திருந்தார்கள்.

கல்யாணசுந்தரமும் அதையேதான் செய்தார். காலையில் எழுந்ததும் விரல்முட்டியால் தகர நெளிவுகளை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வருவார். 'டங்' என்பது எங்கே 'டொம்' ஆகிறதோ அங்கே தண்ணீர். சாமி கும்பிட மறந்தாலும் இதை மறக்கமாட்டார்.

இந்தத் தண்ணீருக்காக அவரிடம் அடி வாங்கியவர்கள் கொஞ்சமல்ல. பைப்பைத் திறந்தபடி விட்டுப்போன பெயின்ற்காரனுக்கு மூக்கு உடைந்தது. பீலியில் பந்தடித்த பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேலிப்பலகையால் முதுகில் விழுந்தது. அன்றைக்குப் பொலிஸ் வந்து போனபின் மனைவி சிவாஜினி மூடியுள்ள பெரிய நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் தன் உடுப்புகளை அடுக்கி, கதவடியில் வைத்தாள்.

"இன்னொருக்கா ஒரு மனிசர்மேல கை வைச்சுப் பாருங்கோ. நான் தம்பி வீட்டை போயிடுவன். பிறகு கூப்பிட வராதேங்கோ."

அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்குப் போனார்.

அது காட்டுத்தீயின் புகை சிட்னியை மூடிய கோடை. தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கத் தடை. தாங்கியில் ஆறு நெளிவு தண்ணீர்தான் மிச்சம். பொங்கலன்று வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தவர், தாங்கியில் ஏணி சாத்தியிருப்பதைக் கண்டார். சிவாஜினியின் தம்பி கௌரிசங்கர் வெறும் வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தான். வென்ட்வேர்த்வில்லிலிருந்து பட்டு வேட்டி சால்வையோடு வந்திருந்தான். கோயில் தொண்டன். கண்ணில் பட்ட எதற்கும் அபிஷேகம் செய்யாமல் அவனால் இருக்க முடியாது.

"என்னடா செய்தனீ?"

"வருணனுக்கு அபிஷேகம், அத்தான். உங்கட தாங்கி கும்பம் மாதிரியே இருக்கு. பன்னிரண்டு லீற்றர் பால், தயிர், தேன், இளநீர். இனி மழை கொட்டப்போகுது பாருங்கோ."

கல்யாணசுந்தரம் தாங்கியின் பைப்பைத் திறந்தார். வெள்ளையாக வந்தது.

"இந்த வெயிலுக்கு இது நாளைக்கு நாறும். நாளண்டைக்குப் புழு."

"புழு வந்தா என்ன? குசினியிலை குழாய்த்தண்ணி வருதுதானே."

அடுத்த நொடி சேர்ட்டில் பிடித்த பிடியில் கௌரிசங்கரின் முதுகு தகரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. முஷ்டி வந்தது. குசினி ஜன்னலில் சிவாஜினியின் முகம் தெரிந்தது. முஷ்டி அவன் காதை உரசிப்போய்த் தகரத்தில் இடித்தது. முட்டித் தோல் கிழிந்தது. மறுபடியும் இடித்தார். தகரத்தில் இரத்தம் ஒட்டியது. கைக்கு அது போதவில்லை. கொட்டிலுக்குள் ஓடிக் கோடரியோடு வந்தார். கௌரிசங்கர் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தினான்.

கோடரி தாங்கியில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நூறு வருடத் தகரம் பொருத்தோடு வெடித்தது. பாய்ந்த தண்ணீர் மைத்துனனை வாளியும் வேட்டியுமாக மிளகாய்ப் பாத்திக்குள் உருட்டியது. கிழிந்த தகரம் கல்யாணசுந்தரத்தின் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்தது. அவர் நிறுத்தவில்லை. வறட்சிக் கீறல்களையும் சேர்த்து வெட்டினார். கோடரி கையிலிருந்து நழுவியபின்தான் நின்றார்.

கணுக்கால்வரை பால்தண்ணீர். அதில் சிவப்பு கலந்தது. சிவாஜினி வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா, அத்தான் என்னைக் கொல்லப் பாத்தவர்."

"உன்னிலை அடி பட்டதோ?"

கௌரிசங்கர் உடம்பைத் தடவிப் பார்த்தான். "இல்லை."

"அப்ப எழும்பு. சால்வையைத் தா."

அதை இறுக்கி அவர் கையில் கட்டினாள். இரத்தம் நனைத்துக்கொண்டு வந்தது. மேலே இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "சேர்ட்டைப் பிடிச்சதும் கை வைச்சதுதான்" என்றாள். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது தையல்.

இரண்டாம் நாள் பின்னேரம் மழை பெய்தது. வருணன்தான் என்று கௌரிசங்கர் போனில் சொன்னான். கல்யாணசுந்தரம் கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று, கிழிந்த தாங்கியைப் பார்த்தார்.

"முதல் தண்ணியை விடு" என்றார்.

"தெரியும்."

கூரை கழுவுண்டது. பிறகு சிவாஜினி பொங்கல் பானையை வைத்தாள். நிரம்பியது. குண்டான், வாளி, சோற்றுச்சட்டி எல்லாம் நிரம்பின. வீட்டில் வேறு ஏனம் இல்லை. அவள் உள்ளே போனாள். கட்டிலில் உடுப்புகளைக் கொட்டும் சத்தம் கேட்டது. நீலப் பெட்டியைத் தூக்கிவந்து பீலிக்குழாய்க்குக் கீழே வைத்தாள்.

அவர் குனிந்து, நல்ல கையின் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தார்.