சவாராவில் அப்பா ஏறிய படகு

போன வாரம் சிதம்பரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்த எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. "பயப்படாதீங்க சார், ஆபத்து வந்தா சொல்றதுக்கு டெஸ்டிங் பண்றாங்க" என்றார் கடைக்காரர். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த அலறலை முதலில் கேட்டது சவாராவில். டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஆற்றின் இரு கரையிலும் கறுத்த மர வீடுகள், பழைய வியாபாரிகளின் கடைகள். அண்ணாமலை நகரில் என்ஜினியரிங் படித்து ஜப்பானில் வேலைக்குப் போனவன் நான். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கும் அப்பாவை அங்கே வரவழைத்தது பெருமையடித்துக்கொள்ளத்தான். அவர் எதற்கும் மசியவில்லை. விலாங்கு சுடும் வாசனைக்கு மட்டும் நின்றார். "மீனுக்குப் போயி இனிப்பு தடவுறானே, நாசமாப்போறவன்."

படகுத்துறைக்கு வந்தபோதுதான் போன்கள் அலறின. சின்ன நில அதிர்வு. ஊர்க்காரர்கள் அசையாமல் நின்றார்கள். அப்பா என்னை இழுத்து அங்கே நின்ற சுற்றுலாப் படகில் தள்ளி, தானும் ஏறிக்கொண்டு, துறையிலிருந்த பெண்களைப் பார்த்துத் தமிழில் கத்தினார். "கரையில நிக்காதீங்கம்மா! ஏறுங்க, ஏறுங்க!" எனக்கு மானம் போயிற்று.

சுனாமியன்று கடலில் இருந்த அவர் படகை அலை லேசாகத் தூக்கிப்போட்டதோடு சரி. மீன் வாங்கக் கூடையோடு கரையில் காத்திருந்த அம்மாவைத்தான் கொண்டுபோனது.

ஆட்டம் நின்றும் அப்பா இறங்கவில்லை. "நான்தான்டா அவள கரையில வந்து நில்லுன்னேன். சொல்லாம இருந்திருந்தா வூட்லயே இருந்திருப்பா இல்ல?"

எனக்குப் பதில் தெரியும். படகு வரத் தாமதமானதால் அம்மா அன்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். லீவில் வந்து தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பினாள். "இடுப்பு நோவுது, நீ போயி கொஞ்சம் நிக்கிறியாடா?" காலேஜ் படிக்கிற துரை மீன்கூடை தூக்குவாரா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவளே மறுபடி போனாள். ஊருக்குள் தள்ளியிருந்த எங்கள் வீட்டில் முட்டியளவு தண்ணீர்தான் வந்தது.

அப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "விடுப்பா, எறங்கு. ட்ரெயினுக்கு நேரமாச்சி."

அதற்குப் பிறகும் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. தன் தப்பு என்றே நம்பிக்கொண்டு, போன வருஷம் அவர் செத்துப்போனார்.

காபிக்கடையிலிருந்து நேராக பஸ் பிடித்து தேவனாம்பட்டினம் போனேன். அம்மா நின்ற மணலைக் கடல் அரித்துத் தின்றிருந்தது, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அப்பா படகைக் கட்டிவைத்த இடமும் தண்ணீருக்குள். "நீ சொல்லி அவ போகலப்பா, நான் எழுந்திரிக்காததால போனா" என்று சத்தமாகவே சொன்னேன். கல்மேல் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.