ஆறு மணிக்கு எழும்பும் கரடி

அக்காவின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தா. அத்தானுக்கு யாழ்ப்பாண ரவுணில் இரும்புச்சாமான் கடையில் வேலை. நான் தீவுப்பக்கத்துச் சரவணைக் கிராமத்தில் அவர்களோடு இருந்து தையல் தைத்தேன். பாலர் பாடசாலை விட்டதும் பிள்ளையைக் கூட்டிவந்து பின்னேரம்வரை பார்ப்பது என் பாடு. தைக்க வேண்டிய சட்டைகள் குவிந்து கிடக்கும் நாட்களில் அவள் கையில் போனைக் கொடுத்துவிடுவேன்.

பேய்க்கதைகளைப் பகிடி பண்ணும் அந்தக் கார்ட்டூனைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு பகுதியில் முயல் வைத்தியர் பழைய காலுறைகளைத் தைத்து ராட்சதன் ஒன்று செய்வார். அது ஆட்களைக் கண்டால் வெட்கப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துவிடும். அவளுக்கு மிகவும் பிடித்தது கரடிப் பிரபு. இரத்தம் குடிக்கிற பிரேதம் என்று ஊரே அவனுக்குப் பயம். அவனோ பகல் முழுக்கப் பெட்டிக்குள் படுத்திருந்துவிட்டு, ஆறு மணிக்குப் பொழுதுபட்டதும் மூடியைத் தள்ளி எழும்பி, ஒரு கிளாஸ் பீற்றூட் சாறு குடித்து 'ஏவ்' என்று ஏவறை விடுவான். "வந்துட்டேன்!" என்று அவன் இந்தியத் தமிழில் கத்த, அவளும் அலுமாரிக்குள்ளிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்துவாள். நான் மெசினை நிறுத்திவிட்டுச் சிரிப்பேன். பேய்க்குப் பயப்படாத பிள்ளையாக வளர்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐப்பசி மழை பெய்த ஒரு நாள், வேலை முடிந்து வந்த அத்தானின் மோட்டார் சைக்கிள் கடலைக் கடக்கும் தாம்போதி வீதியில் குறுக்கே வந்த மாட்டில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னமே உயிர் போய்விட்டது. கனடாவிலிருந்து அவருடைய தம்பி வரும்வரை உடலை ரவுணிலேயே வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும், அப்பா கடை அலுவலாகக் கொழும்புக்குப் போய்விட்டார் என்று பிள்ளைக்குச் சொன்னோம். அதைச் சொன்னது நான் மட்டுமில்லை, எல்லோரும்தான்.

மூன்றாம் நாள் காலை பெட்டி வந்தது. விறாந்தையில் வைத்து மூடியைத் திறந்தார்கள். அக்கா பெட்டியின் விளிம்பில் விழுந்து அழுதா. ஊர்ப்பெண்கள் சூழ்ந்துகொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பிள்ளை என் கையைப் பிடித்தபடி நின்று, பவுடர் பூசிய முகத்தையும் மூக்கில் வைத்த பஞ்சையும் உற்றுப் பார்த்தாள். அவள் அழவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை.

"சித்தி, ஏன் எல்லாரும் அழுகினம்? அப்பா நித்திரைதானே?"

நான் அவளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

ஒரு மணியளவில் மூடியைப் போட ஆயத்தமானார்கள். அப்போதுதான் அவள் என் கையை உதறிக்கொண்டு பெட்டியடிக்கு ஓடினாள்.

"இப்ப கொண்டுபோகாதேங்கோ! இன்னும் பொழுதுபடேல்லை!"

யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பெரியவர் ஒருவர், "பிள்ளையை ஆராவது அங்காலை கொண்டுபோங்கோ" என்று சத்தம் போட்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் கால்களை உதைத்துத் திமிறினாள். வெளியே பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"ஆறு மணிக்கு எழும்புவார்தானே சித்தி? சொல்லுங்கோ!"

"ஓம் பிள்ளை, எழும்புவார். இப்ப சத்தம் போடாதை."

அவள் உடனே அடங்கிவிட்டாள். என்ன செய்துவிட்டேன் என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. சத்தம் நின்றது ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். வாசற் படலைவரை போய் அழுதுவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். ஆண்கள் சுடலைக்குப் போனார்கள்.

பிறகு வீடு கழுவி, எல்லோரும் முழுகி, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டோம். அக்கா சாப்பிடாமல் சுவரோடு சாய்ந்திருந்தா. பிள்ளையைக் காணவில்லை என்று யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. பொழுதுபடுகிற நேரம் அவள் குசினிக்குள்ளிருந்து வந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை சிவப்பு. சட்டையெல்லாம் சிவப்பு. கையில் ஒரு கிளாஸ்.

அக்கா வீரிட்டுக் கத்தினா. ஆஸ்பத்திரியில் அத்தானைக் கண்டபோது கத்திய அதே கத்தல்.

கூடைக்குள் கிடந்த பீற்றூட்டை எடுத்துத் தேங்காய் துருவும் திருவலையில் உரசிப் பிழிந்திருக்கிறாள். விரலொன்று வெட்டுப்பட்டும் இருந்தது. பெட்டி வைத்திருந்த இடத்தில் கிளாஸைக் கவனமாக வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு. ஆறு மணிக்கு எழும்புவார் எண்டு சித்தி சொன்னவ."

அக்கா என் பக்கம் திரும்பினா.

"நீ சொன்னனியோ?"

"ஓம் அக்கா."

அக்கா பிள்ளையை மடியில் இருத்தி, தன் சேலைத் தலைப்பால் அந்தக் கைகளைத் துடைத்தபடி சொன்னா: "அப்பா செத்துப்போனார் அம்மா. இனி வரமாட்டார். சுடலையில எரிச்சாச்சு."

"பெட்டியோடையோ?"

"ஓம். பெட்டியோடை."

பிள்ளை வாசலுக்கு வெளியே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"ஆறு மணிக்கு முன்னம் எரிச்சுப் போட்டியள்" என்றாள்.

மாதக்கணக்காக அவளுக்கு அதுவே நினைப்பு. நெருப்புக்குள் அப்பா எழும்பியதாகவும் மூடியைத் தள்ள ஏலாமல் போனதாகவும் சொல்லுவாள். தைத்து முடித்த துணிகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஓடிவந்து திறந்துவிடுவாள். படுக்கையில் மூத்திரம் போனாள். ரவுணில் ஒரு டொக்டர் அம்மாவிடம் கிழமைக்கு ஒருக்கால் கூட்டிப்போனோம். கரடி என்பது ஆரோ கீறின படம், அப்பா அப்படி இல்லை என்று அவளுக்கு விளங்க வைக்க அந்த அம்மாவுக்கு ஒரு வருசம் எடுத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அக்கா என்னோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோதும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னோடும் நன்றாகத்தான் இருக்கிறாள். சீப்பை எடுத்துக்கொண்டு தலை இழுக்க என்னிடம்தான் வருவாள். ஆனால் நாளைக்கு மழை பெய்யும் என்றோ, கடைசி பஸ் போய்விட்டது என்றோ நான் சொன்னால், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அக்காவிடம் கேட்பாள்.

"உண்மையோ அம்மா?"