சல்லிக்காசுக்கு மதிக்காத மேனேஜர்

நேற்று பேரனின் பனியனை மடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கொட்டை எழுத்தில் ஆங்கிலம்: 'ஐ டோன்ட் கிவ் எ டேம்'. எவனைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை என்று அர்த்தம். பரீட்சை முடிவு வரும்வரை மூன்று நாள் தூங்காத பையன்!

இதில் வரும் 'டேம்' வடக்கே மொகலாயர் காலத்தில் புழங்கிய 'தாம்' என்ற செப்புக்காசுதான், வெள்ளைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு கட்சி உண்டு. அகராதிக்காரர்கள், அதெல்லாம் கதை, வெறும் சாபச்சொல் என்கிறார்கள். நான் காசுக் கட்சி. சல்லிக்காசுக்கு மதிக்கமாட்டேன் என்று நாம் சொல்லாததா?

பனியனில் இருந்த அந்த வசனத்தை நினைத்தாலே எனக்கு அவித்த நெல் மணக்கும். ஐம்பதுகளில் கவரைப்பேட்டைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். மேனேஜருக்கு இங்கிலீஷ் மோகம். எதற்கெடுத்தாலும் இந்த ஒரு வாக்கியம்தான். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுக்கு முனியம்மாக்காதான் தலைவி. அவள் மகனுக்கு அம்மை வார்த்து இறங்கியிருந்தது. ஆடி ஞாயிறன்று பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டுதல். மில்லில் ஞாயிறும் வேலைநாள் என்பதால், துணைக்கு வரும் பெண்களுக்கும் சேர்த்து லீவு கேட்டாள். மேனேஜர் தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னாபா சொல்றாரு?" என்றாள் என்னிடம்.

பூசி மெழுகியிருக்கலாம். அந்த வயதில் எனக்கு வாய் நீளம். "உன் வேண்டுதலைச் சல்லிக்காசுக்கு மதிக்கலையாம்" என்றேன்.

சனிக்கிழமை பிற்பகல், களம் முழுக்க நெல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மேகத்தைப் பார்த்ததும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட ஓடுகிற பெண்கள், அன்று கொட்டகையில் கைகட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

மேனேஜர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "மழை வருது, நெல்லை வாருங்கடி!" இங்கிலீஷ் எங்கோ போயிருந்தது.

"மய பேஞ்சா எங்களுக்கு இன்னா சாமி? நாளிக்கி கோயிலுக்குப் போய்க்கினு வரட்டா, அத்த சொல்லு" என்றாள் முனியம்மாக்கா, எழுந்திருக்காமலே.

முதல் தூறல் விழுந்தது. "போங்க, நாளைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போய்த் தொலைங்க!" என்று கத்தினார் மேனேஜர்.

அதன் பிறகுதான் எழுந்தார்கள். மழை வலுப்பதற்குள் நெல் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது.

திங்களன்று எனக்கு வேலை போயிற்று, நான்தான் தூண்டிவிட்டேனாம். கவலைப்படவில்லை என்றால் பொய். மில் வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. முனியம்மாக்கா கோயில் குங்குமத்தை என் நெற்றியில் இட்டாள். "அயுவாத நைனா. என் புள்ள பொயச்சிக்கினான், நீயும் பொயச்சிக்குவே." பிழைத்துத்தான் கொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மில் இருந்த இடத்தில் ஏதோ கம்பெனி. ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்து காண்ட்ராக்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது. களத்தை மூடிப் பெரிய தகரக் கூரை. மழை வந்தால் அங்கே எந்த மேனேஜரும் செருப்பில்லாமல் ஓடி வந்து யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.